கிணற்றில் இறக்காத விளக்கு

சபையில் எழுந்து நின்று இதைச் சொல்ல இரண்டு தடவை முயன்றேன். இரண்டு தடவையும் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தையும் விட்டுவிட வேண்டாம். முக்கியமாக என் குற்றம் வருகிற இடத்தை.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், சித்திரை மாதக் கடைசியில், என் அண்ணன் ஒரு பழைய கிணற்றுக்குள் இறங்கி விஷக்காற்றில் விழுந்தான். மூச்சு நிற்பதற்குள் தூக்கிவிட்டார்கள். ஆனால் அதற்குள் மூளை பட்டினி கிடந்துவிட்டது. கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. வாய் திறந்திருக்கும், பேச்சு இருக்காது. பெற்ற தாய் மார்பில் அடித்துக்கொண்டு அழுதபோது கூரையைப் பார்த்தபடி கிடந்தான். அவன் செத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று நான் நினைத்த நாட்கள் உண்டு. அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலூருக்குக் கிழக்கே மூன்று மைல் தள்ளி எங்கள் ஊர். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாதவர்கள். எங்கள் அய்யா ஊர்க்கிணறுகளுக்குத் தூர் வாரியே காலம் கழித்தவர். நான் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது இறந்துபோனார். அதற்கு முன்பே குடும்பமாக ஞானஸ்நானம் பெற்றோம். அண்ணனுக்கு மோசே என்றும் எனக்கு ரூத் என்றும் பெயர் வைத்தார்கள். ஆத்தா மட்டும் அவனை மாயாண்டி என்றேதான் கூப்பிட்டாள்.

அண்ணன் ஏர் ஓட்டினான், மண் சுமந்தான், என்னை மதுரையில் விடுதிப் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தான். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் ஆள் நான்தான். இதை எழுதும்போது இப்போதும் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருகிறேன். பயிற்சி முடித்து எங்கள் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்திலேயே ஆசிரியையாக வந்தேன். அண்ணன் என்னை "டீச்சரம்மா" என்பான். பாதி கேலி, பாதி பெருமை. எனக்கு முழுவதும் பெருமையாகவே கேட்கும்.

அந்த வருஷம்தான் முதல் தடவையாக, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு ஒரு புஞ்சை கிடைத்தது. அதில் மூன்று வருஷமாக யாரும் இறைக்காத ஒரு கிணறு. வேம்பும் புங்கமும் சுற்றி நின்று இலை கொட்டி, அடியில் கறுப்பாக மக்கிக் கிடந்தது. எவ்வளவு சகதி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தூர் வார ஆள் சொல்லலாம் என்று அண்ணன் காலையிலேயே கிளம்பினான். பள்ளி விடுமுறை. கஞ்சிக் கலயத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

வாசலில் ஆத்தா என் கையில் ஒரு அகல் விளக்கும் நெருப்புப் பெட்டியும் கொடுத்தாள். கூடவே ஒரு கட்டி சூடம்.

"வெளக்கப் பொருத்தி வாளியில வச்சு எறக்கிப்புட்டு அப்புறம் அவன எறங்கச் சொல்லு."

"எதுக்கு ஆத்தா?"

"எதுக்கோ. ஒங்கய்யா எறக்காம எறங்கினதே இல்ல. கன்னிமாரு இருக்குற எடம்டி."

கன்னிமார் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஞானஸ்நானம் வாங்கிய வீட்டிலிருந்து கிணற்றுக்கு விளக்கும் சூடமுமா? சபையில் பிள்ளைகளுக்கு ஞாயிறு பாடம் சொல்லித் தருகிறவள் இதைத் தூக்கிக்கொண்டு ஊர் பார்க்கப் போவதா? வாங்கிக்கொண்டு நடந்தேன். கிணற்றடிக்குப் போனதும் விளக்கையும் சூடத்தையும் ஆவாரஞ்செடிக்குள் தள்ளிவிட்டேன்.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

"வெளக்கு எங்க புள்ள? ஆத்தா குடுத்துச்சே."

"வேண்டாம் அண்ணே. நாம என்ன இன்னும் கெணத்தக் கும்பிடுற ஆளுகளா? யாராச்சும் பாத்தா சிரிப்பாங்க."

தலையைச் சொறிந்தான். சிரித்தான். "டீச்சரம்மா சொன்னா சரிதான்" என்றான். இறங்கினான்.

சுவரில் நீட்டிக்கொண்டிருந்த படிக்கற்களில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து இறங்கினான். பாதி தூரம்வரை பேசிக்கொண்டே போனான். "இடுப்பளவு சகதி கெடக்கும் போலருக்கே" என்றான். அப்புறம், "ரூத்து, தல சுத்துது" என்றான். நான் ஏதோ சொன்னேன். பதில் இல்லை. எட்டிப் பார்த்தேன். அடியில் சகதிமேல் உட்கார்ந்திருந்தான், களைத்துப்போனவன் மாதிரி. பிறகு பக்கவாட்டில் சாய்ந்தான். கன்னம் சேற்றில் பட்டது. எழவில்லை.

நான் கத்திய கத்தில் அடுத்த புஞ்சையில் மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பெரியகருப்பன் ஐயா மாட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்ல, எங்கள் சாதியும் அல்ல. நாங்கள் அவர் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போனது கிடையாது. நான் முதல் படிக்கல்லில் கால் வைத்துவிட்டேன். என் முடியைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார்.

"நீயும் போய்ச் சேரப் பாக்குறியா? நில்லு அங்க!"

வேப்பங்குழையை முறித்துக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் மேலும் கீழுமாக வீசினார். பக்கத்துக் காட்டிலிருந்து இரண்டு பேர் வந்து குடம் குடமாகத் தண்ணீரை உள்ளே வீசி ஊற்றினார்கள். இன்னும் குழை முறிக்கப் போனவர் ஆவாரஞ்செடிக்குள் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் கையில் எங்கள் வீட்டு அகல் இருந்தது. எண்ணெய் நிறைந்திருந்தது. திரி வெள்ளையாக இருந்தது.

என்னை ஒரு பார்வை பார்த்தார். பேச நேரமில்லை. பொருத்தி வாளியில் வைத்து இறக்கினார். இரண்டு ஆள் ஆழம் போவதற்குள் அணைந்துவிட்டது. மறுபடி குழையை வீசினார்கள், தண்ணீர் ஊற்றினார்கள். மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை அடிவரை எரிந்தபடி போனது. உடனே இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, ஈரத் துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு, அவர் இறங்கினார்.

அந்த விளக்கு எதற்காக என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரியாமல் போனதற்கு நான் படிக்காதவள் அல்ல. எரிகிற மெழுகுவர்த்தியைக் கண்ணாடி டம்ளரால் மூடி, அது அணைவதைக் காட்டி, "பிராணவாயு இல்லாத இடத்தில் நெருப்பும் எரியாது, உயிரும் வாழாது" என்று நாலாம் வகுப்புக்கு வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவள் நான். என் அய்யாவுக்கு எழுத்துத் தெரியாது. அந்தப் பாடம் அவர் கையில் இருந்தது. அது சூடத்தோடு சேர்ந்து வந்ததால் நான் செடிக்குள் எறிந்தேன்.

மாட்டு வண்டியில் மேலூர், மேலூரிலிருந்து மோட்டார் பஸ்ஸில் மதுரை. பஸ்ஸின் தரையில் அண்ணனைக் கிடத்தி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். முகம் ஈயப் பாத்திரம் மாதிரி இருந்தது. கன்னத்துச் சேறு காய்ந்து உதிர்ந்தது. பெரியகருப்பன் ஐயா எங்களோடு வந்தார்.

மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாரையும் வெளியே நிறுத்தினார். "யார் கூட இருந்தது?" என்று கேட்டார். நான் ஆசிரியை என்று தெரிந்ததும் என்னை மட்டும் உள்ளே அழைத்தார். "படிச்சவங்க, நீங்க சொல்லுங்கம்மா, சரியா இருக்கும்."

நடந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டே கேட்டார்: "இறங்குறதுக்கு முன்னாடி விளக்கு இறக்கிப் பார்த்தீங்களா?"

கதவுக்கு அந்தப் பக்கம் பெரியகருப்பன் ஐயா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவருக்குக் கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

"பார்த்தோம். எரிந்தது" என்றேன்.

பிற்பாடு விளக்கு அணைந்ததைச் சொல்லவில்லை. டாக்டர் எழுதிக்கொண்டார். வெளியே வந்தபோது பெரியகருப்பன் ஐயா என் முகத்தைப் பார்க்காமல், "மாட்ட அவுத்து விடாம வந்துட்டேன், நான் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு பொய்தானே என்று நினைக்காதீர்கள். அது அண்ணன் கட்டிலோடு ஒட்டிக்கொண்டது. விளக்கு எரிந்தது என்றால் காற்று நன்றாக இருந்தது என்று அர்த்தம். அப்படியானால் இவன் ஏற்கெனவே வலிப்பு நோய்க்காரன், வலிப்பு வந்து விழுந்திருக்கிறான், சேற்றில் முகம் புதைந்து மூச்சு முட்டியிருக்கிறான் என்று டாக்டர் முடிவு செய்தார். நாலாம் நாள் அண்ணனுக்குக் கை கால் தூக்கித் தூக்கிப் போட ஆரம்பித்ததும் அது உறுதியாகிவிட்டது. வலிப்புக்கு என்று உப்புக் கரிக்கும் ஒரு மருந்தை வேளைக்கு இரண்டு அவுன்ஸ் கொடுத்தார்கள். உதறல் கொஞ்சம் அடங்கியது. கூடவே அவனும் அடங்கிப்போனான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் விடியற்காலையில் முழங்காலில் நின்று ஜெபித்தேன். அண்ணனுக்குப் பார்வை தாரும், பேச்சைத் தாரும் என்று கேட்டேன். வார்த்தை சரளமாக வரும். சொல்லி முடிக்கும்போது ஒவ்வொரு தடவையும் அந்த அகல் கண் முன்னே வரும். உடனே எழுந்துவிடுவேன். ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்தவள் நான். பதில் வரவில்லை என்று ஆண்டவர்மேல் குறைப்பட்டவளும் நான்தான்.

ஆனி மாதம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பார்வை கொஞ்சம் திரும்பியிருந்தது. நாளெல்லாம் தூங்குவான். எழுப்பி உட்கார வைத்தால் எச்சில் வடியும். கலயத்தைக் கையில் கொடுத்தால் கை வெட்டி இழுத்துக் கஞ்சி சுவரில் அடிக்கும். "மோசே அண்ணே" என்று நான் கூப்பிட்டால் அசைவு இல்லை. ஆத்தா "மாயாண்டி" என்று கூப்பிட்டால் மட்டும் இமை லேசாக நடுங்கும். நாங்கள் மூன்று பெண்களும் முறை வைத்துப் புரட்டினோம், துடைத்தோம், ஊட்டினோம். அண்ணன் மனைவி பாக்கியம் மதினிக்கு நிறைமாதம். அவள் குனியும்போது மூச்சு வாங்கும். ஒருநாள் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிட்டாள். அந்தக் களைப்பை எழுத எனக்கு வார்த்தை இல்லை. உடம்பு வலித்தது. அதைவிட, நாளைக்கும் இதேதான் என்ற எண்ணம் வலித்தது.

ஊர் வேறு பேசியது. கிணற்றடிக்கு ஓடிவந்த அந்த இரண்டு பேரும் எரியாத திரியைப் பார்த்தவர்கள். எங்கள் பக்கத்தில் விளக்கு இறக்காமல் கிணற்றில் எவனும் இறங்க மாட்டான். இறங்கினான் என்றால் புத்தி அவனிடத்தில் இல்லை. குடித்திருக்கிறான். அவ்வளவுதான் கணக்கு. எங்கள் அண்ணன் கள்ளுக்கடை இருக்கும் தெருவில்கூட நடக்காதவன். ஊருணியில் ஒருத்தி மதினியைப் பார்த்துக் கேட்டாளாம்: "வேதக்கோயிலுக்குப் போயும் ஒன் வீட்டுக்காரன் போத்தல விடலயாக்கும்?" மதினி குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்தாள்.

ஆத்தா என்னைக் கேட்டாள். "நெசத்தச் சொல்லுடி. நான் குடுத்து விட்டேனே, எறக்கினீகளா இல்லையா?"

"எறக்கினோம் ஆத்தா."

"பெறகு ஏன்டி ஊரு இப்படிப் பேசுது?"

எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். எங்கள் சபை உபதேசியார்கூட வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டுப் போகும்போது, "மோசேக்கு அந்தப் பழக்கம் எத்தனை நாளா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். நான் பேசாமல் இருந்ததை அவர் பதிலாக எடுத்துக்கொண்டார்.

ஆடியில் மதினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் அதைக் கொண்டுபோய் அண்ணன் மடியில் வைத்தாள். அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. குழந்தை நழுவியது. மதினி பிடித்துக்கொண்டாள். அழவில்லை. "பரவாயில்ல, அவுகளுக்குத் தூக்கம் வருது" என்று குழந்தையிடம் சொன்னாள்.

அந்த வாரம் நாலாம் வகுப்பில் மெழுகுவர்த்திப் பாடம் வந்தது. மெழுகுவர்த்தியை மேசையில் நிறுத்தினேன். டம்ளரை எடுத்தேன். பிள்ளைகள் கழுத்தை நீட்டிக் காத்திருந்தார்கள். மூடினேன். சுடர் சுருங்கியது, நீலமானது, போய்விட்டது. முன்வரிசையில் ஒரு பெண் பிள்ளை, "ஐயோ, பாவம் டீச்சர்" என்றாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். என்னால் அடுத்த வாக்கியத்தைச் சொல்ல முடியவில்லை. அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். வாய் வரவில்லை. பிள்ளைகளை மரத்தடிக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். மேசைக்குப் பக்கத்திலேயே முழங்காலில் விழுந்தேன்.

அன்றைக்கு அண்ணனுக்காக ஒன்றும் கேட்கவில்லை. "ஆண்டவரே, நான் பொய் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு வாயைத் தாரும். அதற்குப் பிறகு உமது சித்தம்" என்றேன். இதுதான் ஜெபம். இரண்டு மூச்சில் முடிந்துவிட்டது. எழுந்தபோது ஒளியும் தெரியவில்லை, குரலும் கேட்கவில்லை. கால் மட்டும் வீட்டுப்பக்கம் நடந்தது. அதுவரைக்கும் நடக்காத கால்.

ஆத்தாவையும் மதினியையும் உட்கார வைத்துச் சொன்னேன். செடிக்குள் தள்ளியதைச் சொன்னேன். டாக்டரிடம் சொன்னதைச் சொன்னேன். ஆத்தா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். மதினி கேட்டாள்: "இம்புட்டு நாளும் எம்புருசன் குடிகாரன்னு ஊரு பேசுனத நீ கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

"ஆமா மதினி."

"சோறு எறங்குச்சா ஒனக்கு?"

அதற்குப் பிறகு தை மாதம்வரை அவள் என்னோடு பேசவில்லை. பேச வேண்டியதை எல்லாம் குழந்தையிடம் சொல்வாள், நான் கேட்டுக்கொள்வேன்.

அன்றைக்கே பெரியகருப்பன் ஐயா புஞ்சைக்குப் போனேன். சொல்ல ஆரம்பித்ததும் கையை நீட்டி நிறுத்தினார்.

"எனக்கு எதுக்கு தாயி சொல்ற? திரி வெள்ளையா இருந்ததப் பாத்தவன் நான்."

"பின்னே ஏன் ஐயா டாக்டருகிட்டச் சொல்லல?"

மாட்டைத் தடவிக்கொடுத்தார். "அவுக என்னைக் கேக்கல. கேக்காம நானாச் சொல்லிருக்கலாம். படிச்ச புள்ள, இத்தன பேருக்கு முன்னாடி தல குனிஞ்சா நாளைக்குப் பள்ளிக்கூடத்துல எப்படி நிக்கும்னு விட்டுட்டேன். மருந்து மாறிப்போகும்னு எனக்கென்ன தெரியும்? நடங்க போவோம். நானும் வாரேன்."

மறுநாள் அண்ணனையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனோம். டாக்டர் முன்னால் நின்று சொன்னேன். என் வாழ்க்கையில் அத்தனை குட்டையாக நான் நின்றதில்லை. அவர் பேனாவை வைத்துவிட்டார்.

"அன்னைக்கு ஏன்மா எரிஞ்சதுன்னு சொன்னீங்க?"

"வெட்கமாக இருந்தது."

பெரியகருப்பன் ஐயாவைக் கூப்பிட்டு, எத்தனை ஆழத்தில் விளக்கு அணைந்தது, எவ்வளவு நேரம் உள்ளே கிடந்தான் என்று எல்லாம் கேட்டார். பழைய தாளில் ஒரு வரியை அடித்துவிட்டு மேலே எழுதினார். "இவருக்குப் பழைய வலிப்பு நோய் ஒண்ணும் இல்லை. மூளைக்குப் பிராணவாயு போகாததால வந்த உதறல் இது. கையை நீட்டும்போது வரும், சும்மா இருந்தா வராது. இவ்வளவு மருந்து வேண்டியதில்லை. கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுப் பார்ப்போம். குணமாகும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்மா. மூளை எவ்வளவு பிழைச்சிருக்குன்னு மருந்து விலகினாத்தான் தெரியும்."

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியாரிடமும் சொன்னேன். அவர் ஆராதனை முடிந்ததும் எழுந்து, "மோசே குடித்தவன் அல்ல. அவனை விளக்கு இறக்க விடாதது அவன் தங்கை" என்று சபையாருக்குச் சொன்னார். நானே கேட்டுக்கொண்டதுதான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மருந்தைக் குறைத்த பத்தாவது நாள் என்று நினைக்கிறேன். ஆத்தா கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் முகத்தைத் திருப்பி, "உப்பில்ல" என்றான்.

ஆத்தாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "என்ன சாமி சொன்ன?"

"கூழுல உப்பில்ல."

மூன்று மாதத்தில் அவன் பேசிய முதல் பேச்சு. நான் அடுப்படியில் போய் நின்று சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். மதினி உப்புக் கலயத்தை எடுக்க வந்தவள் என்னைத் தாண்டிப் போனாள். போகும்போது என் தோளில் அவள் கை பட்டது. இடம் போதாததால் பட்டதா என்று எனக்குத் தெரியாது.

அப்புறம் எல்லாம் நத்தை வேகத்தில் நடந்தது. ஒருநாள் ஏறும், மூன்று நாள் இறங்கும். முதலில் ஆத்தாவைத் தெரிந்தது. பிறகு மதினியை. குழந்தையை "இது யாரு வீட்டுப் பிள்ள?" என்று கேட்டான். மதினி "நம்ம வீட்டுப் பிள்ளதான்" என்றாள். "நல்லாருக்கு" என்றான். நடக்கும்போது கால் வெட்டும், விழுவான். காலையில் சொன்னது மாலையில் நினைவு இருக்காது. நான் சிலேட்டை எடுத்துக்கொண்டு போய் பெயர்களையும் கிழமைகளையும் சொல்லிக் கொடுத்தேன். எரிச்சலில் சிலேட்டைத் தள்ளிவிட்டான். என் படிப்பு அங்கேயும் எடுபடவில்லை.

எடுபட்டது பெரியகருப்பன் ஐயாவின் கமலை. கார்த்திகையில் அவனைக் கைத்தாங்கலாகப் புஞ்சைக்குக் கூட்டிப்போய், மாட்டின் பின்னால் நிறுத்தி, வடத்தின்மேல் உட்கார வைத்தார். மாடு சரிவில் இறங்கும்போது தண்ணீர் மேலே வரும், பின்னால் நடக்கும்போது தண்ணீர் மொள்ளும் சால் கிணற்றுக்குள் போகும். அந்தத் தாளத்தில் உட்கார்ந்ததும் அண்ணனின் உடம்பு எதையோ கண்டுகொண்டது. நாக்கைச் சொடுக்கி மாட்டை ஓட்டினான். பத்து சால், இருபது சால். உதறல் வரவில்லை. கையை நீட்டி ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்க இன்றைக்கும் அவனால் முடியாது. கமலை ஓட்ட முடியும். டாக்டரிடம் காரணம் கேட்டேன். தெரியவில்லை என்று சொன்னார். எனக்கும் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும் என்று மட்டும் எழுதுகிறேன்.

தை பிறந்த பிறகு ஒருநாள் அவனே கேட்டான். "ரூத்து, எனக்கு என்னதான் ஆச்சு?"

அந்த நாள் அவனுக்கு முழுவதும் அழிந்துபோயிருந்தது. ஊருக்குச் சொல்லியாகிவிட்டது. அவனுக்கு மட்டும் சொல்லவில்லை. எதிரில் உட்கார்ந்து சொன்னேன். "ஆத்தா வெளக்குக் குடுத்துச்சு அண்ணே. நான் ஒளிச்சுட்டேன். கெணத்தக் கும்பிடுற ஆளுகளா நாமன்னு ஒன்னக் கேட்டேன்." அவன் அதற்கு என்ன பதில் சொன்னான் என்பதை நான் சொல்லவில்லை.

அவன் தலையைச் சொறிந்தான். கை ஒரு தடவை வெட்டியது. பிறகு சிரித்தான்.

"டீச்சரம்மா சொன்னா சரிதான்னு எறங்கிருப்பேன்."

அந்த நிமிஷத்தில்தான் என் ஜெபத்துக்குப் பதில் வந்தது. நடை வந்தபோது அல்ல, பேச்சு வந்தபோதும் அல்ல. அந்த நாளின் நினைவு ஒரு துளிகூட இல்லாதவன், அதே வார்த்தையைச் சொன்னான். என் அண்ணன் அந்தக் கிணற்றிலேயே கிடக்கவில்லை. உள்ளே முழுசாக இருந்தான்.

இதோடு முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் உண்மையை எழுதுகிறேன் என்று சொன்னேன். அன்று சாயங்காலமே அவன் அதை மறந்துவிட்டான். நாலைந்து நாள் கழித்து மறுபடி கேட்டான், "எனக்கு என்ன ஆச்சு ரூத்து?" மறுபடி சொன்னேன். இந்த இரண்டு வருஷத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. சில நாள் சிரிப்பான். ஒருநாள் கோபப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடவில்லை. ஒருநாள் என் தலையில் கை வைக்கப் போனான், கை உதறி என் கன்னத்தில் அறைந்துவிட்டது. இருவரும் சிரித்தோம், மதினியும் சிரித்தாள். ஒவ்வொரு தடவையும் விளக்கை மட்டும் விட்டுவிட்டுக் கதையைச் சொல்லலாம். அவனுக்குத் தெரியப்போவதில்லை. அந்த ஆசை ஒவ்வொரு தடவையும் எனக்கு வருகிறது. அதனால் ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு மூச்சு ஜெபத்தைச் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். இதுவரைக்கும் வாய் கொடுக்காமல் ஆண்டவர் விட்டதில்லை.

போன வைகாசியில் அந்தக் கிணற்றைத் தூர் வாரினோம். ஆள் இறங்குவதற்கு முன் நானே வாளியில் விளக்கை வைத்து இறக்கினேன். உபதேசியார் பக்கத்தில் நின்று ஜெபித்தார். சூடம் இல்லை. ஆனால் அகல் அதே அகல்தான். பெரியகருப்பன் ஐயா பத்திரமாக வைத்திருந்து அன்றைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "எரியுது" என்றான்.

சபையாரே, அசதியாக இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதினேன். கேட்டுக் கேட்டுப் பதில் வராமல் சோர்ந்து போனவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். உங்கள் எல்லாருக்கும் என்னைப் போல் ஒரு ஒளித்த விளக்கு இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். இருந்தால், அதை முதலில் வெளியே எடுங்கள். எடுக்கிற பலத்தையும் ஆண்டவரிடமே கேளுங்கள், கொடுப்பார். எனக்குக் கொடுத்தார். நான் இன்னும் களைத்துத்தான் இருக்கிறேன். அண்ணனுக்கு இன்னும் யாராவது தண்ணீர் கொடுக்க வேண்டும். ஆனால் பயந்துகொண்டு படுப்பதில்லை.

இன்றைக்குக் காலையிலும் கேட்டான். குழந்தை அவன் மடியில் ஏறி உட்கார்ந்திருந்தது. "எனக்கு என்ன ஆச்சு ரூத்து?"

கூழைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, விளக்கிலிருந்து ஆரம்பித்தேன்.